செவிலியின் உரிமை

"சின்னக் குழந்தையா இருந்தாலாவது நம்ம சொல்லுக்கு வளையும். பதினைஞ்சு வயசுப் பொண்ணக் கூட்டிட்டு வந்து என்னடி பண்ணப் போற?" என்று கேட்டாள் தோழி. அப்போது எனக்கு 46 வயது. திருமணம் செய்துகொள்ளாதவள். கேள்வியில் அக்கறைதான் இருந்தது; 'வளையும்' என்ற சொல் மட்டும் உறுத்தியது.

2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தில் வளர்ப்புப் பராமரிப்புக்கு இடமுண்டு. 2024இல் திருத்தப்பட்ட மாதிரி வழிகாட்டுநெறிகள் திருமணமாகாத, கணவரை இழந்த, மணவிலக்குப் பெற்ற பெண்களுக்கும் அந்த வழியைத் திறந்தன. தத்தெடுப்பு வேறு, இது வேறு. இதில் பிள்ளை நம் வாரிசாவதில்லை. குழந்தைகள் நலக் குழுவின் கண்காணிப்பில் நம் வீட்டில் வாழ்கிறது. பொதுவாக 18 வயதோடு ஏற்பாடு முடிகிறது.

வந்த முதல் வாரம் அவள் பையைப் பிரிக்கவில்லை. என்னை 'மிஸ்' என்றாள். ஞாயிறுதோறும் தன் அம்மாவின் போனுக்குக் காத்திருந்தாள். ஒரு ஞாயிறு அழைப்பு வரவில்லை. அவளுக்குப் பிடிக்குமென்று கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு வைத்திருந்தேன். தட்டைத் தொடவில்லை. "உனக்காக இவ்வளவு செய்யறேனே" என்பது என் நாக்கு நுனிவரை வந்தது. என் அம்மா என்னிடம் ஆயிரம் முறை சொன்னது. கடன் கணக்காக நீட்டப்பட்ட அந்தத் தாய்மைக்கு அஞ்சித்தான் நான் தாயாகவே மறுத்தேன்.

பெண் என்றால் பராமரிக்கப் பிறந்தவள்தானா, இந்த வயதிலும் அதே நுகத்தடியா என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டேன். ஆனால் இதை நான் விரும்பி ஏற்றேன்; மறுத்திருந்தால் யாரும் என்னைப் பழித்திருக்க மாட்டார்கள். அவளிடமும் விருப்பம் கேட்டார்கள்தான். விடுதியா, முன்பின் தெரியாதவள் வீடா என்ற இரண்டுக்குள் ஒன்றைச் சொல்வது எவ்வளவு பெரிய விருப்பம்? தேர்வு என்னுடையதாக இருக்கும்போது நன்றியை அவளிடம் எப்படிக் கேட்பேன்?

அகப்பாடல்களில் பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலி. உடன்போக்கில் போன மகளைத் தேடிச் சுரத்தில் நடப்பவள் செவிலி. மகளின் புதுக் குடித்தனத்தைப் பார்த்து வந்து நற்றாயிடம் சொல்பவளும் அவளே. வகுப்பில் பல ஆண்டுகள் இதைத் துறை விளக்கமாகவே நடத்தினேன். வளர்த்த பிள்ளையைப் பெற்றவளோடு பங்கிட்டுக்கொள்ளும் மனம் எவ்வளவு கடினமானது என்று இப்போதுதான் தெரிகிறது.

அடுத்த ஞாயிறு, போனில் சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்து அவள் பக்கத்தில் வைத்தேன். மணி அடித்தது. "அம்மா" என்று அவள் குரல் உயர்ந்தது. நான் மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போனேன்.