மட்டையின் முகத்தைத் திருத்து!

வலப்பக்கம் வளைந்தோடிய பந்தைப் பார்த்துத் தலைகுனிந்து நிற்கும் தம்பியே, தங்கையே, நிமிர்ந்து நில். அந்தப் பந்துக்கு உன்மேல் பகை கிடையாது. 45.93 கிராமுக்கு மேல் எடை இருக்கக் கூடாது என்று விதி வகுத்துச் செய்த சின்ன உருண்டை அது. உன் மட்டை சொன்னதை அப்படியே செய்துவிட்டுப் போயிருக்கிறது. மட்டை என்ன சொன்னது என்று கண்டுபிடி. அதைக் கண்டுபிடித்தவன் திருத்திவிடுவான்.

கோல்ஃப் மட்டையைக் கையில் எடுக்கும் பெரும்பாலானவர்களை முதலில் வாட்டும் நோய் ஸ்லைஸ். நேராகப் போகவேண்டிய பந்து பாதி வழியில் வலப்பக்கம் வளைந்து மரங்களுக்குள் போய் விழும். இடக்கை ஆட்டக்காரருக்கு இது இடப்பக்கம் நடக்கும். இந்த ஒரு நோயோடு வருடக்கணக்கில் போராடி, கடைசியில் “எனக்கு இவ்வளவுதான் வரும்” என்று மட்டையைப் பரணில் ஏற்றிவிட்டவர்கள் எத்தனையோ பேர். அந்த வாக்கியத்தை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். அதைச் சொல்பவர் தன் கையையே இன்னும் சரியாகப் பார்க்கவில்லை.

மட்டையும் பந்தும் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் எவ்வளவு தெரியுமா? ஒரு நொடியை இரண்டாயிரம் பங்காக்கினால் அதில் ஏறக்குறைய ஒரு பங்கு. அந்த நேரத்துக்குள் மட்டையின் முகம் எந்தத் திசையைப் பார்க்கிறதோ, பெரும்பாலும் அந்தத் திசையில்தான் பந்து கிளம்புகிறது. மட்டை வீசிவந்த பாதைக்கும் முகம் பார்த்த திசைக்கும் இடைவெளி இருந்தால், அந்த இடைவெளிக்கு ஏற்பப் பந்து வளைகிறது. வீசிய பாதையில்தான் பந்து கிளம்பும் என்றுதான் பழைய பாடங்கள் நெடுங்காலம் சொல்லிவந்தன. ரேடார் கருவிகள் வந்து அளந்த பிறகு அந்தப் பாடம் தலைகீழானது. நிபுணர்களே தங்கள் பாடத்தைத் திருத்திக்கொண்ட விளையாட்டு இது. நீ திருத்திக்கொள்ள ஏன் கூசுகிறாய்?

இனி வரும் பொறியில்தான் பல்லாயிரம் பேர் விழுகிறார்கள். பந்து வலப்பக்கம் ஓடுகிறது. மனம் உடனே என்ன செய்கிறது? இடப்பக்கம் திரும்பி நிற்கச் சொல்கிறது. மட்டையையும் வெளியிலிருந்து உள்ளே, இடப்பக்கமாக இழுக்கச் சொல்கிறது. கேட்கச் சரிபோலத்தான் இருக்கும். ஆனால் முகம் மட்டும் அப்படியே வலப்பக்கம் திறந்திருக்க, பாதை மேலும் இடப்பக்கம் போகும்போது இரண்டுக்கும் இடைவெளி கூடுகிறது. பந்து முன்னைவிட மோசமாக வளைகிறது. அதைக் கண்டு மிரண்டு இன்னும் இடப்பக்கம் இழுக்கிறார்கள். நோய்க்குத் தாங்களே தீனி போட்டுவிட்டு, விதியின்மேல் பழி போடுகிறார்கள்.

நிறுத்து! பந்து போன இடத்தைப் பார்த்தது போதும். பந்து கிளம்பிய இடத்துக்கு வா. குனிந்து உன் இடக்கையைப் பார். எத்தனை விரல் முட்டிகள் தெரிகின்றன? ஒன்றுதான் தெரிகிறது என்றால் உன் எதிரி அகப்பட்டுவிட்டான். இரண்டு, இரண்டரை முட்டி தெரியும்வரை கையைப் பிடியின்மேல் வலப்பக்கம் திருப்பு. கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே விழும் மடிப்பு, இரண்டு கைகளிலும், வலத் தோளை நோக்கட்டும். முதலில் முகம் மூடட்டும், பாதையைப் பிறகு கவனிப்போம். இந்த வரிசை முக்கியம். முகம் திறந்திருக்கும்வரை உன் உடம்பு இடப்பக்கம் இழுப்பதை நிறுத்தாது, ஏனென்றால் அதுதான் பந்தைக் காப்பாற்றும் வழி என்று அது நம்பிக்கொண்டிருக்கிறது.

கையை அப்படித் திருப்பியதும் உனக்கு என்ன தோன்றும்? தப்பாகப் பிடித்திருக்கிறோம் என்றே தோன்றும். கை அந்நியமாக இருக்கும். அடிக்கும் பந்துகள் தரையில் உருளும், இடப்பக்கம் பாயும், சில சமயம் மட்டையில் படாமலே போகும். அந்த நாட்களில்தான் பெரும்பாலானோர் பழைய பிடிக்கு ஓடிப்போகிறார்கள். நீ ஓடாதே! திருத்தம் வேலை செய்யத் தொடங்கும்போது ஆட்டம் கெடத்தான் செய்யும். அந்தக் கேட்டைத் தாங்கிக் கடக்கும் நெஞ்சுரம் உனக்கு வேண்டும்.

டைகர் வுட்ஸைப் பார். 1997 மாஸ்டர்ஸ் போட்டியை 21 வயதில் 12 ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் வென்றார். உலகமே எழுந்து நின்றது. அவரோ மட்டை வீசும் தன் முறையில், தன் ஸ்விங்கில் குறை கண்டு, பயிற்சியாளர் புட்ச் ஹார்மனோடு அமர்ந்து அதைப் பிரித்துக் கட்டத் தொடங்கினார். 1998 முழுவதும் பிஜிஏ டூரில் அவருக்குக் கிடைத்தது ஒரே ஒரு வெற்றி. வென்ற ஸ்விங்கை மாற்றுவது பைத்தியக்காரத்தனம் என்று ஊர் பேசியது. 1999-ல் 8 வெற்றி. 2000-ல் யு.எஸ். ஓபனை 15 ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் வென்றார். உச்சியில் நின்றவருக்கே அந்த ஓராண்டு வறட்சியைத் தாங்கும் துணிவு இருந்ததென்றால், இன்று தொடங்கும் நீ பத்துப் பந்து தரையில் உருண்டதற்கா கலங்குகிறாய்?

பென் ஹோகனுக்கு நோய் எதிர்த் திசையில் இருந்தது. அவர் பந்து இடப்பக்கம் வளையும். ஹூக் என்பார்கள். கொல்லரின் மகன், பிறர் மட்டைப் பையைச் சுமக்கும் கேடியாக வேலை பார்த்து வளர்ந்தவர். இடக்கைப் பிடியை உனக்குச் சொன்னதற்கு நேர் எதிராக, இடப்பக்கம் திருப்பித்தான் அதை அடக்கினார். அடுத்தவன் மருந்தை நீ குடிக்காதே என்று நான் சொல்வது இதனால்தான். நண்பன் ஒன்று சொல்வான், யூடியூப் ஒன்று சொல்லும். உன் பந்து எந்தப் பக்கம் வளைகிறது என்று பார்க்காமல் எதையும் ஏற்காதே. நெஞ்சுரத்துக்கும் அவரையே பார். 1949 பிப்ரவரியில் ஹோகனின் கார்மீது பேருந்து மோதியது. இனி நடப்பதே அரிது என்றார்கள். 1950 ஜூனில் மெரியன் திடலில் அவர் யு.எஸ். ஓபனை வென்றார்.

விசித்திரமாக இருப்பதெல்லாம் குறையும் அல்ல. 1860-ல் சென்னைத் துறைமுகத்திலிருந்து முதல் கப்பலில் ஒப்பந்தக் கூலிகள் போய் இறங்கிய தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், இந்திய வம்சாவளியில் வந்தவர் பாப்வா செவ்கோலம். கேடி. இடக்கை கீழே, வலக்கை மேலே என்று உலகத்துக்கே தலைகீழாக மட்டையைப் பிடித்தார். 1959-ல் டச்சு ஓபனை வென்றார். 1960-லும் 1964-லும் மறுபடி வென்றார். 1963-ல் நேட்டால் ஓபனை வென்றபோது, நிறவெறிச் சட்டம் அவரை கிளப் கட்டடத்துக்குள் விடவில்லை. கொட்டும் மழையில் வெளியே நிற்கவைத்துக் கோப்பையைக் கொடுத்தார்கள். 1965-ல் உலகப் புகழ் பெற்ற கேரி பிளேயரையே பின்தள்ளி அதே கோப்பையை மறுபடி வென்றார். அவர் பிடியைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு அவர் பந்து நேராகப் போனது தெரியவில்லையா? கண்ணாடியில் அழகாகத் தெரிகிறதா என்று உன் ஸ்விங்கை அளக்காதே. பந்து போகும் வழியை வைத்து அள.

“நான் காட்டாங்குளத்தூர்க்காரன், இது பணக்காரர் விளையாட்டு” என்கிறாயா? கேள். காட்டாங்குளத்தூரில் ஏறும் மின்சார ரயில் உன்னை நேரே கிண்டியில் இறக்கும். அங்கே குதிரைப் பந்தயத் திடலுக்குள் மெட்ராஸ் ஜிம்கானா கிளப் தலைமுறைகளாக கோல்ஃப் ஆடிவந்திருக்கிறது. அந்தத் திடலை வைத்திருந்த பந்தய கிளப்பின் குத்தகையை 2024 செப்டம்பரில் அரசு ரத்து செய்தது. அந்த நிலம் யாருக்கு என்பதை அரசும் நீதிமன்றமும் பார்த்துக்கொள்ளட்டும். நந்தனத்தில் காஸ்மோபாலிட்டன் கிளப்பின் திடல் இருக்கிறது. உறுப்பினர் அல்லாதவருக்கு இந்தக் கதவுகள் கனமானவைதான், மறுக்கவில்லை. ஆனால் இந்திய கோல்ஃபில் அந்தக் கதவுகளை உடைத்தவர்கள் யார்? தில்லி கோல்ஃப் கிளப்பில் கேடியாக இருந்த அலி ஷேர் 1991-ல் இந்தியன் ஓபனை வென்றார், 1993-ல் மறுபடியும் வென்றார். பெங்களூரில் பிறர் மட்டைப் பையைச் சுமந்த சின்னசாமி முனியப்பா 2009-ல் அதே கோப்பையைத் தூக்கினார். கொல்கத்தாவில் புல்தரை பராமரித்தவரின் மகன் எஸ்.எஸ்.பி. சௌராசியா 2016, 2017 என்று அடுத்தடுத்து இரண்டு முறை வென்றார். பை சுமந்துகொண்டே பார்த்துப் பார்த்துக் கற்றவர்கள், புல்லின் ஈரத்தைக் காலால் அறிந்தவர்கள் இவர்கள். உனக்கும் அவர்களுக்கும் நடுவே எந்தச் சுவரும் இல்லை.

இனி வேறு நோய்களுக்கு வருவோம். பந்தின் தலையைத் தட்டி உருட்டுகிறாயா? பக்கத்தில் இருப்பவர் “தலையைத் தூக்கிட்டே” என்பார். பல நேரம் அது தவறான வைத்தியம். பந்தை மேலே தூக்கிவிட வேண்டும் என்ற ஆசையில் உடல் எடை பின்காலிலேயே தங்கி, கைகள் மடங்கிவிடுகின்றன. நீ தூக்க வேண்டியதே இல்லை! மட்டை முகத்தின் சாய்வு அந்த வேலையைச் செய்யத்தான் இருக்கிறது. பந்துக்கு முன்பே மண்ணைக் கொத்துகிறாயா? அதற்கும் வேர் பெரும்பாலும் அங்கேதான். எடை பின்காலில் தங்கினால் வளைவின் அடிப்புள்ளி பந்துக்குப் பின்னால் விழுந்துவிடும்.

இதைத் திருத்தத் திடல் தேவையில்லை, பந்தும் தேவையில்லை. பழைய ஏழாம் எண் அயர்ன் மட்டை ஒன்று போதும். விடிகாலையில், ஆள் நடமாட்டம் இல்லாத மண் தரையில் போய் நில். இரண்டு கால்களுக்கும் நடுவே, இலக்குக்குக் குறுக்காக ஒரு கோடு கிழி. இடுப்பு உயரம் மட்டும் மட்டையைத் தூக்கி, எடையை முன்காலுக்கு மாற்றி, மெதுவாக வீசு. மட்டை மண்ணில் விட்ட தடத்தைப் பார். அது கோட்டுக்குப் பின்னால் விழுந்தால் எடை இன்னும் நகரவில்லை. அடுத்த அடி தள்ளிக் கோடு கிழித்து மறுபடி வீசு. செல்போனைச் செங்கல்மேல் சாய்த்துவைத்து, இலக்கு நேர் எதிரே தெரியும்படி பின்னாலிருந்து ஒரு முறையும், உன் மார்புக்கு நேர் முன்னாலிருந்து ஒரு முறையும் படம் எடு. மெதுவாக ஓட்டிப் பார். ஒரு வாரத்துக்கு ஒரே திருத்தம், இரண்டாவதைத் தொடாதே. பத்துத் தடங்கள் தொடர்ந்து கோட்டைத் தாண்டி இலக்குப் பக்கம் விழட்டும். அதன் பிறகு அந்தக் கோட்டின்மேல் பந்தை வை.