தெய்வபயம்

அச்சம் என்னும் மெய்ப்பாட்டிற்கு நிலைக்களன் நான்கென வகுத்த தொல்காப்பியனார், அணங்கு, கொடுவிலங்கு, கள்வர் என்னும் மூன்றனோடு தன்னை ஆளும் இறையினையும் ஒருங்கு வைத்து எண்ணினார். இவ்வைப்பு உற்று நோக்கத்தக்கது. புலிக்கு அஞ்சுதலும் தலைவனுக்கு அஞ்சுதலும் ஒரு சொல்லாற் கூறப்படினும் ஒரு தன்மையவல்ல. புலியைக் கண்டு அஞ்சினவன் ஓடுவான். தலைவனுக்கு அஞ்சினவன் ஓடான். அவன் திருமுன்னிலையிலேயே அடங்கி நிற்பான். முன்னையது அகலச் செய்வது. பின்னையது அணுகிநின்றும் எல்லை கடவாமற் செய்வது. கிறிஸ்து சமயத்தார் தெய்வபயம் எனவும் தேவபயம் எனவும் வழங்குவது இவ்விரண்டனுள் யாது என்னும் ஐயம் சைவ நன்மக்கள் பலர்க்கும் உண்டாதலின், அஃது ஈண்டு ஆராயப்படுகின்றது.

"அவர் நரகத்திற்கு அஞ்சி வழிபடுவர், சைவர் அன்பினால் வழிபடுவர்" என்று ஒரே வாக்கியத்தில் இவ்வாராய்ச்சியை முடித்துவிடுவாரும் உளர். அங்ஙனம் முடித்தல் எளிது, முறையன்று. அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியாரிற் பரபக்கம் வகுத்தபொழுது, பிறர் கொள்கையை அவரவர் கூறுமாறே முதற்கண் நிறுத்திப் பின்னரே மறுத்தார். மறுக்கப்படுவது இன்னதென அறியாதார் செய்யும் மறுப்பு நிழலோடு பொருதல் போலும்.

அவர் கொள்கை வருமாறு. யூதருடைய பழைய வேதத்துட் சங்கீதங்களும் நீதிமொழிகளும் கடவுளுக்கு அஞ்சுதலையே மெய்யறிவின் தொடக்கமாகக் கூறும். எபிரேய மொழியில் அதற்கு வழங்கும் சொல் நடுக்கத்தையும் குறிக்கும். பெருமை கண்டு நெஞ்சு ஒடுங்குதலையும் குறிக்கும். இசையா என்னும் தீர்க்கதரிசியின் நூற் 11ஆம் அதிகாரத்தினின்று கத்தோலிக்கர் எடுத்தெண்ணும் பரிசுத்த ஆவியின் கொடைகள் ஏழனுள் தெய்வபயமும் ஒன்று. கொடை எனப்பட்டமையை மறத்தலாகாது. தண்டனைக்கு நடுங்குதல் இயற்கையிலேயே எவர்க்கும் உள்ளது; அதனைக் கடவுள் கொடையாக வந்து அளித்தல் வேண்டாவன்றே.

மற்றொருபால், யோவான் பெயரால் வழங்கும் முதல் நிருபம், நிறைந்த அன்பு அச்சத்தைப் புறத்தே தள்ளும் என்னும் கருத்துடையது. அற்றேல், ஒரு நூல் அச்சத்தை அறிவின் வாயிலாக்க, மற்றொன்று அதனை வெளியே தள்ளுதல் முரணாகாதோ எனின், இவ்வினாவே அவர்தம் ஆசிரியர்களை நெடுங்காலம் ஆராயச் செய்தது. கி.பி. 354 முதல் 430 வரை வாழ்ந்த அகுஸ்தீனார் இதற்கு ஓர் உவமை கூறினார். கணவன் வெளியூர் சென்றிருக்க, மனைவியர் இருவர் அஞ்சுகின்றனர். கற்பிழந்தவள் அவன் வந்துவிடுவானோ என்று அஞ்சுகின்றாள். கற்புடையாள் அவன் தன்னை விட்டு நீங்கிவிடுவானோ என்று அஞ்சுகின்றாள். முன்னையதனை அன்பு தள்ளிவிடும். பின்னையதனை அன்பே பிறப்பிக்கும். 13ஆம் நூற்றாண்டினராகிய தோமா அக்குவீனார் இதனை மேலும் விரித்து, உலக நன்மை இழப்பதற்கு அஞ்சுவது, தண்டனைக்கு அஞ்சும் அடிமையச்சம், தொடக்க நிலையச்சம், தந்தையைப் பிரிதற்கு அஞ்சும் மகன்மை அச்சம் என நால்வகைப்படுத்தினார். அவற்றுள் இறுதியதே கொடை எனப்படுவது. புரோட்டஸ்டாண்டாரும் இதனை ஒதுக்கினாரல்லர். லூத்தர் தம் சிறிய ஞானோபதேசத்தில் ஒவ்வொரு கற்பனைக்கும் பொருளுரைக்கத் தொடங்கும்போதெல்லாம் அஞ்சுதலையும் அன்புசெய்தலையும் இணைத்தே கூறினார். தமிழர் நாவில் வழங்கும் பயபக்தி என்னும் தொடரும் அவ்விணைப்பையே காட்டும்.

நூற்பொருள் இங்ஙனமாக, இக்கொள்கை மாந்தர் வாழ்க்கையில் எவ்வாறு நின்றது என்பதற்குச் சேதுநாட்டுக் கடற்கரையினுஞ் சிறந்த சான்று வேறிடத்து இல்லை. முத்துக்குளித்துறைப் பரதவர் 1530களின் இடைப்பகுதியிற் போர்த்துக்கேசர் சமயத்தைத் தழுவியது, தம்மை நெருக்கிய பகைவர்க்கு அஞ்சிப் பாதுகாவல் நாடியே என்பது சரித்திரம். அஃது அக்குவீனார் வகுத்தவற்றுள் உலகியலச்சம். 1542இல் வந்த சவேரியார் அவர்க்கு மந்திரங்களையும் கற்பனைகளையும் தமிழில் மனப்பாடஞ் செய்வித்தார். 1549இல் மண்டபத்தை அடுத்த வேதாளையிற் படைஞர் வந்து தாக்கியபொழுது, அந்தோனி கிரிமினாலி என்னும் குரு தாம் தப்பிச் செல்லாது தம் மக்களோடு நின்று ஈட்டியாற் குத்துண்டு இறந்தார். மனிதர்க்கு அஞ்சிப் புகுந்த ஒரு கூட்டத்தினிடையே மனிதர்க்கு அஞ்சாத ஒருவர் இருந்தமை இதனாற் பெறப்படும்.

இதனினும் ஆழ்ந்து ஆராயற்பாலது அருளானந்தர் வரலாறு. போர்த்துக்கல் நாட்டு லிஸ்பன் நகரத்தில் 1647இல் உயர்குடியிற் பிறந்த யோவான் தெ பிரித்தோ என்பாரே மதுரை மிஷனில் அப்பெயர் பூண்டு, காவியுடுத்துப் புலால் நீக்கிப் பண்டார சந்நியாசி கோலத்தில் ஒழுகினார். (இக்கோலம் சைவ மடங்களினின்று கொண்டதென்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.) 1686இற் பிடிபட்டுக் கடுந்துன்பம் உற்று இராமநாதபுரத்திற்குக் கொண்டுவரப்பட்ட அவரை, இரகுநாத கிழவன் சேதுபதி அழைத்துக் கேட்டறிந்து, தம் நாட்டிற் போதிக்கலாகாது என்னும் கட்டளையோடு விடுவித்தார். தாய்நாடு சென்ற அவர் அங்கே தங்கும்படி வற்புறுத்தப்பட்டும் தங்காது மீண்டு வந்தார்.

சேதுபதி மரபில் உரிமையுடையவராகிய தடியத்தேவர் நோயுற்று நலம்பெற்றபின் கிறிஸ்து சமயத்தை விரும்பி, 1693ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் ஞானஸ்நானம் பெற்றார். அதற்கு முன், ஒரு மனைவியோடு மட்டுமே வாழ்தல் வேண்டும் என்னும் விதியைக் குருவானவர் அவர்க்கு வற்புறுத்தியிருந்தார். தேவர்க்கு மனைவியர் ஐவர் என்பர். முதல் மனைவியை வைத்துக்கொண்டு ஏனையோரை அவர் விலக்கினார். அவருள் இளையவள் சேதுபதிக்கு நெருங்கிய உறவினள். அவள் சென்று முறையிட்டாள். குருவானவர் சிறைப்பட்டு ஓரியூருக்கு அனுப்பப்பட்டார். கொலைக்கு முதல்நாள் கரியை மையாகக் கொண்டு தம் கூட்டத்தார்க்கு அவர் எழுதிய கடிதத்தில் நடுக்கத்தின் குறி சிறிதும் இல்லை. 1693 பிப்ரவரி 4ஆம் நாள் பாம்பாற்றங்கரையில் அவர் தலை வெட்டப்பட்டது. உரோமாபுரிச் சபையார் 1947 ஜூன் 22இல் அவரைப் புனிதர் வரிசையிற் சேர்த்தனர். ஓரியூர்ச் செம்மணலை இன்றும் சமய வேறுபாடின்றிப் பலர் எடுத்துச் செல்கின்றனர்.

கடவுளுக்கு அஞ்சினவன் அரசனுக்கு அஞ்சான் என்பது இதனால் விளங்கும். சைவர்க்கு இது புதிதன்று. பல்லவன் ஏவலரை நோக்கித் தாம் பிறர் எவர்க்கும் குடியல்லர் என்று மறுத்த திருநாவுக்கரசர் நீற்றறையினும் நஞ்சினும் களிற்றின் காலினும் கடலினும் அஞ்சாது நின்றார். அவரைக் கல் மிதந்து காத்தது. அருளானந்தரை வாள் காவாது வெட்டியது. இவ்வேறுபாடு பற்றி ஒருவர் அஞ்சாமையை உயர்த்தி மற்றவர் அஞ்சாமையைத் தாழ்த்துதல் நடுவுநிலைமையாகாது. அஞ்சாமை உள்ளத்தின்கண்ணது, விளைவு திருவருளின் வழியது.

ஆயினும், இவ்வரலாற்றைக் கூறுவார் பெரும்பாலும் விரைந்து கடந்து செல்லும் ஓரிடம் உண்டு. ஆராய்ச்சியுடையார் அவ்விடத்து நிற்றல் வேண்டும். தடியத்தேவர் தெய்வத்திற்கு அஞ்சினார். அவ்வச்சத்தின் விலையைக் கொடுத்தவர் யாவர்? விலக்கப்பட்ட மகளிர். அவர்க்குச் சீவனத்திற்குக் குறைவு வாராது பார்ப்பதாக அவர் கூறினார் என்று எழுதுவர். அது நன்றே. ஆயினும் சோற்றிற்குக் குறைவின்மை ஒன்று. மனைவி என்னும் நிலை அழிதல் மற்றொன்று. முறையிட்ட இளையவளை, ஸ்நாபக யோவானைக் கொல்வித்த ஏரோதியாளுக்கு ஒப்பிடுதல் சரிதமெழுதுவார் வழக்கம். இவ்வொப்புமை பொருந்துவதன்று. ஏரோதியாள் முதற் கணவன் உயிரோடிருப்ப அவன் உடன்பிறந்தானை மணந்தவள். இவளோ தன் குலத்தார் அறியத் தன் நாட்டு முறைப்படி மணந்து, தான் ஒரு குற்றமும் செய்யாதிருக்க நீக்கப்பட்டவள். அவள் முறையீட்டால் ஓர் உயிர் போயது தீது. அவள் முறையிட்டதே தீதென்றல் கொடிது. அகுஸ்தீனார் உவமையிற் கற்புடையாள் எதற்கு அஞ்சினாளோ அதுவே இவட்கு நேர்ந்தது.

குருவானவர் வேறென்ன செய்திருத்தல் கூடும் எனின், தம் சமய விதியை மீறி ஞானஸ்நானம் அளித்தல் அவர்க்கு இயலாது. அளித்திருப்பின் அவர் தெய்வபயம் உடையரல்லர் ஆவர். ஆகலின் அவரைக் குறைகூறுதல் ஈண்டுக் கருத்தன்று. சைவத்தினுள்ளும் தந்தையின் தாளை எறிந்த சண்டேசுரர் வரலாறு உண்டாகலின், இறைவன்பொருட்டு உறவினர்க்கு ஊறு செய்தல் என்னும் வினா அயலார் வீட்டு வினா மாத்திரமன்று.

எனினும், திருநீலகண்ட நாயனார் வரலாறு இவ்விடத்து வேறோர் ஒளி காட்டும். பிழை செய்தவர் கணவர்; தீண்டலாகாது என்று திருநீலகண்டத்தின்மேல் ஆணை வைத்தவர் மனைவியார். இறைவன் திருப்பெயரை இகழ அஞ்சிய நாயனார் அவ்வாணையை முதுமை வருமளவும் காத்தார். காத்தும், மனைவியாரைத் தம் இல்லத்தினின்று அகற்றினாரல்லர். அயலார் அறியவும் விட்டாரல்லர். ஒரு கூரையின்கீழ் இருவரும் இறைபணியில் ஒத்து நின்றனர். இறைவன் ஓடு வைத்து மறைத்து, இருவரையுங் குளத்தில் மூழ்குவித்து, இளமை நல்கியதும் இருவர்க்குமே. இது தெய்வபயம் அன்றென்று கூறவல்லார் யாவர்? அவ்வச்சத்தின் விலையை அஞ்சியவரே கொடுத்தார். குற்றமில்லாத மனைவியாரை வெளியே நிறுத்தவில்லை. அச்சம் மெய்யானதோ என்பதை அளக்க இதுவும் ஓர் அளவுகோலாம்.

மகன்மை அச்சத்தின் முழு உருவைக் காண்டற்கு இக்கடற்கரை நாட்டினின்று புறம்போக வேண்டா. இராமநாதபுரத்திற்குத் தென்மேற்கே உள்ள திருவுத்தரகோசமங்கையில் மணிவாசகப் பெருமான் அருளிய நீத்தல் விண்ணப்பம் ஐம்பது பாட்டும் ஒரே நடுக்கத்தின்மேல் எழுந்தவை. தண்டிப்பாயோ என்று அவர் கேட்டாரல்லர். விட்டுவிடுவாயோ என்றே கேட்டார். நரகம் அவர்க்கு ஈண்டுப் பொருளன்று, கைவிடப்படுதலே பொருள். அன்றியும், விட்டால் உன்னைப் பித்தன் என்று பலரறியச் சொல்லிச் சிரிப்பிப்பேன் என்னும் கருத்துப்படவும் அவர் பாடினார். அடிமையச்சம் உடையான் தலைவனை இங்ஙனம் வெருட்டத் துணியான். அன்புரிமை முதிர்ந்தவர்க்கே இவ்வச்சமும் இத்துணிவும் ஒருங்கு நிகழும். அவரே தில்லையில் அருளிய அச்சப்பத்தில், மாந்தர் அஞ்சுவன பலவற்றையும் எடுத்துக் கூறி அவற்றிற்கு அஞ்சேம் என்று தள்ளி, இறைவன்பால் அன்பிலாரைக் காணவே அஞ்சுவதாக முடித்தார். அகுஸ்தீனார் உவமையை இவ்விரு பதிகங்களோடும் வைத்து நோக்குவார்க்கு, ஒரே உள்ளநிலையை இரு நாட்டார் கண்டமை புலனாகும்.

அங்ஙனமாயின் இரு சமயமும் ஒன்றெனலாமோ எனின், ஆகாது. கிறிஸ்து சமயத்தில் அடிமையச்சம் தொடக்கநிலையே எனினும், அதற்குப் பின்புலமாய் நிற்பது முடிவில்லா நரகம். ஒரு பிறவி, ஒரு தீர்ப்பு, அதன்பின் மீட்சியில்லை. அத்தகைய தீர்ப்பு முன்னிற்ப அடிமையச்சத்தினின்று மகன்மை அச்சத்திற்கு ஏறுதல் அரிதென்பதை அவர்தம் ஆசிரியர்களே உணர்ந்தனர். உணர்ந்தமையாலன்றோ அத்துணை வகை வகுத்தனர். சித்தாந்தத்திலோ இறைவன் செய்யும் ஒறுப்பு மறக்கருணை எனப்படும். தந்தை மகனை வருத்துதல் திருத்துதற்கேயன்றி நீக்குதற்கன்று. நரகமும் வினை அறுக்கும் அளவினது. மலம் பரிபாகமடையுந்துணையும் பிறவி தந்து உடனின்று ஊட்டுவானாகலின், இறைவன் உயிரை ஒருகாலத்தும் விட்டானல்லன். இதனை ஐயமற அறிந்திருந்தும் மணிவாசகர் விடாதே என்று ஐம்பது முறை அரற்றியது ஏன் எனின், விடான் என்பது நூலறிவு. விட்டால் உய்வில்லை என்பது அன்பறிவு. பின்னையது முன்னையதற்கு அடங்குவதன்று.

இன்னும் ஒன்று. மோட்சத்தில் அச்சம் உண்டோ என்னும் வினாவை அக்குவீனார் எடுத்து, அடிமையச்சம் அங்கே அழியும், மகன்மை அச்சம் நிறைவெய்தி நிலைபெறும் என்று முடிவு செய்தார். பிரியும் இயல்பு அற்றபின்னும் இறைவன் பெருமைமுன் ஒடுங்கி நிற்றல் ஒழியாது என்பது அதன் கருத்து. சித்தாந்தியும் முத்தியில் உயிர் இறைவனோடு இரண்டறக் கலந்தும் தான் இறைவனாகாது அடிமையாயே நிற்கும் என்பான். மெய்கண்டார் சிவஞானபோதத்துப் பதினோராஞ் சூத்திரத்தில் இளையாத அன்பினால் உயிர் அரன் திருவடி சேர்தலைக் கூறினார். நூல் அங்கே முடிந்திருத்தல் கூடும். முடியவில்லை. பன்னிரண்டாஞ் சூத்திரம் வைத்து, அவ்வன்பு பெற்றவனும் உலகில் இருக்குமளவும் மலவாசனையைக் கழுவுக, அன்பரோடு கூடுக, அடியார் திருவேடத்தையும் ஆலயத்தையும் அரனெனத் தொழுக என்று பணித்தார். திருவடி சேர்ந்தவனுக்கும் காவல் வேண்டும் என்றபடி. அக்காவலுக்கு அவர் அச்சம் என்னும் பெயரிட்டிலர். தெய்வபயம் என்று பிறர் கூறுவது இதனை நோக்கியதாயின் அப்பெயர்பற்றி அவரோடு மாறுபடவேண்டுவதில்லை.