பொருத்தம்

ஜாதகப் பொருத்தம் பார்ப்பவர்களை நாம் நிறையக் கண்டிருக்கிறோம். சாப்பாட்டுக்கும் மதுவுக்கும் பொருத்தம் பார்க்கிற ஒருவனை நான் சென்ற ஆண்டு தூத்துக்குடியில்தான் முதன்முதலாகச் சந்தித்தேன்.

பழைய துறைமுகத்துக்கு அருகே வசிக்கும் என் நண்பரின் மகன் அவன், கணிப்பொறி படித்தவன். வெளிநாட்டு உணவு விடுதி ஒன்றுக்காகக் கைப்பேசியில் இயங்கும் சிறிய வழிகாட்டி ஒன்றைச் செய்துகொண்டிருந்தான். உணவின் பெயரைத் தொட்டால் அதற்கேற்ற ஒயினின் பெயர் வரும். அவ்வளவுதான்.

“சீலா மீன் குழம்புக்கு எது, பார்க்கலாம்?” என்றேன்.

சற்றே இனிப்பான வெள்ளை ஒயின் என்று வந்தது. காரணமும் சொன்னான். மது கடுமையாக இருந்தால் மிளகாயின் எரிச்சல் கூடும். இனிப்பு அதைத் தணிக்கும். கொழுப்பு மிகுந்த இறைச்சிக்குத் துவர்ப்புள்ள சிவப்பு ஒயின் பொருந்தும். மீனுக்குச் சிவப்பு ஆகாது என்பது ஐரோப்பியர்களின் பழைய விதி. ஆனால் கவிச்சையைக் கிளப்புவது நிறம் அன்று, சில ஒயின்களில் மிகுந்திருக்கும் இரும்பு என்று 2009இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டார்களாம். விதியை அப்படியே நம்பாமல் ஏன் என்று கேட்கிற அந்தப் பையன் மேல் எனக்கு மதிப்பு உண்டாயிற்று.

முற்றத்தில் கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்த அவனுடைய ஆச்சி தலையைத் தூக்கினாள்.

“ஏலே, எல்லாஞ் சொல்லுதே, போதும்னு சொல்லுமாலே?”

பையன் சிரித்தான். “அது குடிக்கிறவங்க பாடு ஆச்சி. எதுக்கு எது சேரும்னுதான் எங்கிட்டக் கேட்டிருக்காங்க.”

ஆச்சி மறுபடியும் கருவாட்டின் பக்கம் குனிந்துகொண்டாள். அவள் கணவர் சங்கு குளித்தவர். கடலுக்கடியில் மூச்சை அடக்கத் தெரிந்த அந்த மனிதருக்குக் கரையேறினால் கையை அடக்கத் தெரியவில்லை. அவர் கூலி வீட்டுக்கு வந்த நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்று நண்பர் ஒருமுறை சொல்லியிருக்கிறார்.

பையன் செய்வது குற்றமா? அரிவாள்மணை செய்கிறவனை யாரும் குற்றவாளி என்று சொல்வதில்லை. அவன் யாரையும் குடிக்கச் சொல்லவில்லை. ஆயினும் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. குற்றம் சாட்டப் புறப்பட்ட என் மனம் என்னையே பிடித்துக்கொண்டது.

இந்தக் கரைக்கு ஒயின் புதியதா என்ன? புறநானூற்றின் 56ஆம் பாட்டில், யவனர் கொண்டுவந்த நறுமண மதுவைப் பொற்கிண்ணத்தில் பருகி இன்புறுமாறு பாண்டியன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்துகிறார். அழகன்குளத்தில் தோண்டியபோது ரோமானிய மதுச்சாடிகளின் ஓடுகளும் கிடைத்தன. மிளகும் முத்தும் கப்பலேறின. பொன்னும் மதுவும் வந்து இறங்கின. அந்தப் பாட்டை எத்தனையோ முறை வியந்து படித்திருக்கிறேன். கொற்கையில் முத்துக்குளித்தவர்கள் தண்டனை பெற்ற கைதிகள் என்று முதல் நூற்றாண்டுக் கிரேக்கக் கடற்குறிப்பான பெரிப்ளூஸ் சொல்வதையும் படித்திருக்கிறேன். இரண்டையும் சேர்த்து ஒருநாளும் நினைத்ததில்லை. கிண்ணத்தின் அழகு என் கண்ணில் பட்டது; அதற்காக மூழ்கியவனின் மூச்சு என் காதில் விழவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிற கருவியாகத்தானே நானும் இருந்திருக்கிறேன்?

நம் சாப்பாட்டிலும் பொருத்தம் உண்டு. வாழை இலையைப் பாருங்கள். ஊறுகாய் தயிர்ச்சோற்றுக்குப் பொருந்தும் என்பது மட்டுமா அதில் இருக்கிறது? ஊறுகாய்க்கு ஓரத்தில் ஒரு விரல்நுனி அளவுதான் இடம் என்பதும் இருக்கிறது. எது எதனோடு சேரும் என்கிற அறிவும், எவ்வளவு சேரலாம் என்கிற அறிவும் அங்கே பிரியவில்லை. இரண்டையும் பிரித்து, முதலாவதைத் திறமை என்றும் இரண்டாவதை அவரவர் பாடு என்றும் ஆக்கியதுதான் நாகரிகத்தின் கெட்டிக்காரத்தனம். ருசி அறிந்தவன் என்று நாம் கொண்டாட வேண்டியவன், ருசி இருக்கும்போதே கிண்ணத்தைக் கீழே வைக்கத் தெரிந்தவன்.

மறுநாள் காலையில் இதைப் பையனிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டான்.

“அளவும் ஒரு வரி சேர்க்கலாம், மாமா. கஷ்டமே இல்லை. ஆனால் அதை யாரும் கேட்கவில்லையே?”

“உன் ஆச்சி கேட்டாளே, அப்பா” என்றேன்.