உடுப்பில் ஒட்டிய முள்



புல் வளர்ந்த வளவால் நடந்து வீடு வந்தால், சேலைக்கரையிலும் பிள்ளைகளின் காற்சட்டையிலும் ஒட்டுப்புல் பற்றியிருக்கக் காண்கிறோம். இதனிலும் பொல்லாத புல் ஒன்றுண்டு. அமெரிக்காவின் வெப்பப் பகுதிகள் அதன் தாயகம். தாவரவியலார் அதனைச் செங்க்ரஸ் எக்கினாற்றஸ் என்பர். அதன் விதைகள் முள்ளுருண்டைகளுக்குள் இருக்கின்றன. முட்களில் பின்நோக்கிய நுண்ணிய கொளுக்கிகள் இருப்பதால், தொட்டதைப் பற்றிக்கொள்ளும், இலகுவில் விடாது. அதற்குக் காலுமில்லை, சிறகுமில்லை. வழிப்போக்கரின் உடுப்பும் விலங்குகளின் உரோமமும் அதைச் சுமந்து செல்கின்றன.

பசிபிக் சமுத்திரத்தில், ஹவாயின் வடமேற்கே லேய்சான் என்றொரு சிறு தீவு உண்டு. கடற்பறவைகள் கூடு கட்டும் இடம் அது. 1960ஆம் ஆண்டளவில் மனிதரோடு இந்தப் புல் அங்கே சென்று, பறவைகளுக்கு இடமளித்த உள்ளூர்ப் புல்லை நெருக்கித் தள்ளியது. 1991இல் அதை ஒழிக்கத் தொடங்கினார்கள். ஏறக்குறையப் பத்து ஆண்டுகள் சென்றன! கையாற் பிடுங்கினார்கள், மருந்து தெளித்தார்கள், துப்புரவாக்கிய இடத்துக்கே திரும்பத் திரும்பச் சென்று, புதிதாய் முளைத்தவற்றை விதை முற்றுமுன் அகற்றினார்கள். இன்று அத்தீவில் இறங்குவோர் புதிய உடுப்புடன் செல்லவேண்டும். அதையும் முன்கூட்டியே 48 மணித்தியாலம் உறைகுளிரில் வைத்தெடுக்க வேண்டும்.

ஒரு தீவைக் காப்பதற்கே இத்தனை சோதனை என்றால், ஆண்டவருடைய பீடத்தை அணுகும் நாம் எதைச் சோதித்துக்கொண்டு வருகிறோம்?

வேலியை ஒரு முழம் தள்ளிப் போட்டதற்காக, சீதனக் காணி பிரித்ததற்காக, உடன்பிறந்தவர்கள் பேசாதிருக்கும் குடும்பங்கள் நம்மிடையே எத்தனை! ஒரே கோவிலில் பூசை காண்கிறார்கள். ஒரே அப்பத்தில் பங்குகொள்கிறார்கள். வாசலில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். சண்டையின் காரணத்தை அறியாத பிள்ளைகூடச் சித்தப்பாவைத் தெருவிற் கண்டால் விலகிப் போகிறது. தகப்பன் சுமந்து வந்த முள், மகனுடைய வளவில் முளைத்துவிட்டது.

காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலிற் போய்ச் சகோதரனோடு சமாதானமாகும்படி இயேசு பணித்தார் (மத். 5:23-24). பிழை யாருடையது என்று அவர் அங்கே கேட்கவில்லை. சூரியன் மறையுமுன் கோபம் தணியட்டும் என்கிறார் புனித சின்னப்பர் (எபே. 4:26). விதை முற்றுமுன் பிடுங்குவது என்பது இதுதான்.

வேலி எங்கே நிற்கவேண்டும் என்பதை விதானையாரோ நீதிமன்றமோ தீர்க்கட்டும். நியாயத்தைக் கேட்பது பாவமன்று. அதற்காகப் பேச்சை அறுக்கத் தேவையில்லை. மன்னித்த பின்னும் பழைய நினைவு மறுபடி முளைக்கும், மனந்தளர வேண்டாம். எழுபது தரம் ஏழு தரம் மன்னிக்கும்படி ஆண்டவர் இராயப்பருக்குச் சொன்னது (மத். 18:22) இதை அறிந்துதான் அல்லவா?

பெற்றோரே, வரும் ஞாயிறு பூசைக்கு முன் அந்த வீட்டுப் படலையைத் திறந்து உள்ளே போங்கள். பிள்ளைகளையும் கூட்டிச் செல்லுங்கள். உங்கள் கோபத்தைக் கண்டு பழகியவர்கள், சமாதானத்தையும் காணட்டும். அதற்கு வேண்டிய தைரியத்தை ஆண்டவர் நமக்கு அருள்வாராக.