பொட்டலமும் இனாமும்

ஞாயிறு காலை, தில்லி கரோல்பாக்கில் நம்மவர் உணவகம் ஒன்றில் இட்லியும் சாம்பாரும் பொட்டலமாக வாங்கி, மீதிச் சில்லறையைச் சட்டைப்பையில் இட்டுத் திரும்பினோம். உடன் வந்த மகன் கேட்டான்: "உட்கார்ந்து சாப்பிட்டால் பத்து ரூபாய் வைப்பீர்களே, அப்பா, இன்று ஏன் வைக்கவில்லை?"

பரிமாறியவருக்குத்தானே இனாம் என்றோம். வீட்டில் பொட்டலத்தைப் பிரிக்கையில் அவ்விடை நம்மையே உறுத்தியது. சாம்பார் ஒரு சொட்டும் சிந்தவில்லை. பரிமாறுபவர் கண்ணெதிரே நிற்கிறார். கட்டுபவர் உள்ளே நிற்கிறார். வேறுபாடு அவ்வளவே.

ஊதியம் தருவது முதலாளியின் கடமையன்றோ எனலாம். மெய்தான். சேவைக் கட்டணத்தை உணவகங்கள் தாமாகவே பில்லில் சேர்த்தலாகாதென மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022இல் வகுத்த நெறியைத் தில்லி உயர்நீதிமன்றம் 2025இல் உறுதிசெய்தது. ஆக, கொடுப்பது நம் விருப்பமே.

1964ஆம் ஆண்டு நடத்தை விதிகளுக்கு உட்பட்ட மத்திய அரசு ஊழியராகிய நமக்கு மற்றொரு தயக்கமும் உண்டு. நாம் வாங்கக் கூசுவதைப் பிறர்க்குக் கொடுக்கலாமா? நம் மேசைக்கு மனுவுடன் வருபவருக்கு வேறு மேசையில்லை. ஆதலால் அங்கே சிறு அன்பளிப்பும் விலையாகிவிடும். உணவகத்திலோ பொட்டலம் கைக்கு வந்தபின் கேளாமல் தருகிறோம். அது எதையும் வாங்குவதில்லை.

வள்ளுவர் ஒப்புரவறிதலை 22ஆம் அதிகாரமாகவும் ஈகையை 23ஆம் அதிகாரமாகவும் தனித்தனியே வைத்தார். இனாம் இரங்கி இடும் ஈகையன்று. உழைப்பவரை உழைப்பவர் அறியும் ஒப்புரவு.

அடுத்த ஞாயிறு, பொட்டலம் கட்டியவரை அழைத்துப் பத்து ரூபாயை நீட்டினோம். பெற்றுக்கொண்டு, "சார், உங்களுக்கு எந்த ஊர்?" என்றார். பல ஆண்டுகளாக அங்கே வாங்கியும், அவரிடம் நாம் கேட்டிராத கேள்வி அது.