பழைய மண்டலின்

பிறர் வாசித்த மண்டலின் ஒன்றை உங்கள் மகன் பாடகர் குழுவுக்கென வாங்கி வந்திருக்கிறான். சுருதி சேரவில்லை. உடனே, "காசு வீண்" என்கிறீர்கள்.

பொறுங்கள். எட்டுத் தந்திகள், நான்கு சோடிகள். சோடியில் ஒன்று மயிரிழை பிசகினாலும் ஓசை கரகரக்கும். குதிரையோ பெரும்பாலும் ஒட்டப்படுவதில்லை. தந்திகளின் அழுத்தமே அதை நிறுத்துகிறது. கைமாறும்போது அது நகர்ந்திருக்கலாம். திறந்த தந்தியை மீட்டி, பின் பன்னிரண்டாம் மெட்டில் அழுத்தி மீட்டுங்கள். சரியாக ஒரு ஸ்தாயி உயரவேண்டும். கூடினால், தந்திகளைச் சற்றுத் தளர்த்திக் குதிரையைக் கழுத்திலிருந்து சிறிது விலக்குங்கள். குறைந்தால் நெருக்குங்கள். ஒரே மாலையில் முடியாது. தேய்ந்த மெட்டுகளையும் பாருங்கள். முன்னவர் விரல் எங்கே அதிகம் தங்கியதென்று அவை சொல்லும்.

150ஆம் சங்கீதம் நரம்புக் கருவிகளையும் இறைபுகழ்ச்சிக்கு அழைக்கிறது. புதியவை மட்டும் என்று அங்கே இல்லை.

மனிதரைக் கருவிக்கு ஒப்பிடுவது முறையன்று. ஆயினும் மாமிமாரே, வேறொரு வீட்டில் வளர்ந்து உங்கள் வீட்டுக்கு வந்த மருமகளுக்கு இத்தனை மாலைகள் கொடுத்தீர்களா? முதல் மாதமே தீர்ப்புச் சொல்லிவிட்டீர்களே! இன்றிரவு செபமாலை முடிந்ததும், அவள் தாய்வீட்டில் பாடும் மாதா பாட்டு எதுவென்று கேளுங்கள். அவள் மெட்டிலேயே பாடட்டும்.