புகைக்கூண்டும் அனுமானப் பிரமாணமும்

மலையில் புகை தெரிகிறது, ஆகையால் அங்கே நெருப்பு உண்டு என்னும் உதாரணத்தைத் தொடாமல் அனுமானப் பிரமாணத்தைப் பற்றிப் பேசிய ஆசிரியரை நம் நாட்டில் காண்பது அரிது. நியாய தரிசனத்தாராகிய நையாயிகர் அதை ஓதினர். அவர்களோடு ஓயாமல் வாதிட்ட பௌத்தரும் அதையே ஓதினர். மணிமேகலையில் அறவண அடிகள் தருக்க முறையை உபதேசிக்கும் இடத்திலும் அதே மலை, அதே புகை, திருட்டாந்தமாக அதே அடுக்களைதான் வருகின்றன. அந்தப் புகையைக் குடுவையில் பிடித்து அளக்க அவர்களில் ஒருவரும் முற்படவில்லை என்பதைக் குறையாகச் சொல்லக்கூடாது. நெருப்பு உண்டா இல்லையா என்னும் நிச்சயம் ஒன்றே அவர்களுக்கு வேண்டியிருந்தது. கொதிகலன் அறையில் நிற்பவனுக்கோ நெருப்பு இருப்பது பிரத்தியட்சம். அந்த நெருப்பு எப்படி எரிகிறது, எவ்வளவு உஷ்ணத்தைப் புகைக்கூண்டின் வழியே வானத்துக்குத் தானம் செய்துகொண்டிருக்கிறது என்பதே அவன் கேள்வி.

இக்கேள்விக்கு விடை காண 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஏற்பட்டது ஆர்சாட் என்னும் கருவி. புகைவழியிலிருந்து 100 கன சென்டிமீட்டர் வாயுவை அளவுக்குழாயில் இழுத்து, முதலில் காஸ்டிக் பொட்டாஷ் கரைசலுக்குள் செலுத்தினால் கரியமில வாயு அதில் கரைந்துவிடும்; குறைந்த அளவே அதன் சதவீதம். அடுத்துக் காரம் சேர்ந்த பைரோகாலால் பிராணவாயுவை உட்கொள்ளும். கடைசியில் குப்ரஸ் குளோரைடு கார்பன் மோனாக்சைடை ஏற்கும். இந்த வரிசை மாறலாகாது. ஏனெனில் பைரோகாலால் கரைசல் கரியமில வாயுவையும் விழுங்கும், குப்ரஸ் குளோரைடு பிராணவாயுவையும் விழுங்கும், ஆதலால் முன்னது நீங்காமல் பின்னதைக் கேட்டால் ஒன்றின் பெயரில் மற்றொன்று சாட்சி சொல்லிவிடும்.

நையாயிகர்கள் ஹேத்வாபாசம் என்று பெயரிட்டு வகுத்துவைத்த போலி ஏதுக்களை, அவற்றின் பெயர்கூட அறியாத இஞ்சினியர்கள் நாள்தோறும் சந்திக்கிறார்கள் என்பதே எனக்கு இதில் பெரும் வியப்பு. நல்ல நிலக்கரி மிகையும் குறையுமில்லாத காற்றில் முற்றும் எரிந்தால் புகைவாயுவில் கரியமில வாயு ஏறக்குறைய 18, 19 சதவீதம் இருக்கும். கருவி 12 சதவீதம் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். காற்று அளவுக்கு மிஞ்சிப் புகுந்து வாயுவை நீர்க்கச் செய்திருந்தாலும் 12 வரும். காற்றுப் போதாமல் கரியின் ஒரு பகுதி கார்பன் மோனாக்சைடாகவே நின்றுவிட்டிருந்தாலும் அதே 12 வரக்கூடும். ஒன்றுக்கு மருந்து காற்றைக் குறைப்பது, மற்றொன்றுக்கு மருந்து காற்றைக் கூட்டுவது. ஏதுவோ இரண்டு பக்கமும் சாய்ந்து நிற்கிறது. அநைகாந்திகம் என்று தருக்க நூல்கள் கூறும் தோஷத்துக்கு இதைவிடத் தெளிவான உதாரணத்தை நான் கண்டதில்லை. பிராணவாயுவின் அளவை உடன் கேட்ட பிறகே ஐயம் தீரும்: மோனாக்சைடு இல்லாமல் அது 7 சதவீதம் இருந்தால் தேவைக்கு மேல் ஏறக்குறையப் பாதிப் பங்கு காற்று புகுந்திருக்கிறது என்று துணியலாம், அது அற்பமாகி மோனாக்சைடு தலைகாட்டினால் நெருப்பு மூச்சுத் திணறுகிறது. பின்னதன் நஷ்டம் சிறிதன்று. ஒரு கிலோ கரி முற்றும் எரிந்தால் சுமார் 8,000 கிலோகலோரி உஷ்ணம் தரும். மோனாக்சைடாக நின்ற அளவில் சுமார் 2,400தான் தரும்.

இவ்வளவும் சரியாக அளந்தும் ஏமாறுவதுண்டு. உலைக்கும் புகைக்கூண்டுக்கும் இடையே செங்கற்சுவர் வெடித்திருந்தால் வெளிக்காற்று அவ்வழியே உறிஞ்சப்பட்டுக் கலக்கும். கூண்டின் அடியில் எடுத்த மாதிரி அந்த இடத்தைப் பற்றி உண்மையே சொல்லும். உலையைப் பற்றிக் கேட்டால் பொய் சொல்லும். ஏதுவானது பக்ஷத்தில், அதாவது எதைப் பற்றித் துணிகிறோமோ அந்த இடத்தில், இருந்தாகவேண்டும் என்று நம் முன்னோர் விதித்ததன் பொருள் இங்கே துலங்குகிறது.

ஆயினும் பழைய உதாரணத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அதற்கு நையாயிகர் தாமே சேர்த்துக்கொண்ட ஒரு திருத்தம். புகை உள்ள இடத்தில் நெருப்பு உண்டு. நெருப்பு உள்ள இடத்தில் எல்லாம் புகை உண்டு என்று திருப்பிச் சொல்லலாமா? ஆகாது என்றார்கள், பழுக்கக் காய்ந்த இரும்புக் குண்டில் நெருப்பு உண்டு, புகை இல்லை, ஈர விறகின் சேர்க்கை என்னும் உபாதி கூடினால்தான் நெருப்பிலிருந்து புகை எழும். கொதிகலன் நூல்கள் போதிப்பதும் இதுவே. கரும்புகை நெருப்பின் அடையாளமாவதைவிட நெருப்புக்கு நேர்ந்த இடையூற்றின் அடையாளம். செம்மையாக எரியும் உலையின் கூண்டு வாயில் கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றுமே தெரியாது. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியில் எடையில் ஏறக்குறையப் பாதி நீர். அங்கே 1962இல் அனல் மின்நிலையம் இயங்கத் தொடங்கியபோது, ஏடுகளில் கிடந்த அந்த ஈர விறகு பெருமளவில் உலைக்குள் புகுந்தது என்றே சொல்லலாம். ஈரம் மிகுந்த எரிபொருளின் நீராவி குளிர்ந்த காலையில் கூண்டின் மேல் வெண்மேகமாய் நிற்பதைப் புகையென்று கொள்பவர்களுக்கு, ஆவியோ பனியோ என்று ஐயுறும் பொருளைப் புகையாகக் கொண்டு நெருப்பைத் துணிவது போலி ஏது என்று மணிமேகலை ஆசிரியர் முன்பே எச்சரித்திருக்கிறார்.

ஆர்சாட் கருவியில் மூன்று வாயுக்களும் நீங்கியபின் எஞ்சுவதை நைட்ரஜன் என்று எழுதுகிறோம். அதை எவரும் அளப்பதில்லை. மற்றவற்றைக் கழித்து எஞ்சியதைத் துணியும் இம்முறையைத்தான், சேஷவத் என்று கௌதமர் சொன்ன அனுமானத்துக்கு ஒரு பொருளாக வாத்ஸ்யாயனர் விளக்கினார். அதன் அபாயம் சென்ற நூற்றாண்டுக்கு முந்தியதிலே வெளிப்பட்டது. காற்றிலிருந்து பிறவற்றை நீக்கிப் பெற்ற நைட்ரஜன், ரசாயனப் பொருள்களிலிருந்து பெற்ற நைட்ரஜனைவிடச் சற்றே, ஏறக்குறைய அரை சதவீதம், கனமாயிருப்பதைக் கண்டு உறக்கமிழந்த ராலே பிரபு, ராம்சேயுடன் சேர்ந்து 1894இல் ஆர்கான் என்னும் புது வாயுவை அறிவித்தார். நாம் விடும் மூச்சில்கூட இருந்துவந்த ஒரு பொருள் எச்சம் என்ற பெயருக்குள் அத்தனை காலம் ஒளிந்திருந்தது. கொதிகலனின் கணக்குக்கு அதனால் தீங்கில்லை. தத்துவ விசாரம் செய்பவனுக்கு அது அலட்சியம் செய்யத்தக்கதன்று.

இனி, உலகத்தைக் கண்டு அதன் கர்த்தாவைத் துணிவதும் இத்தகைய அனுமானமே என்பவர்களின் வாதத்துக்கு வருவோம். குடத்தைக் கண்டு குயவனை அறிவதுபோல் காரியமாகிய உலகைக் கண்டு ஈசுவரனை அறியலாம் என்று நியாயகுசுமாஞ்சலியில் உதயனர் வாதித்தார். ஏதுவுக்கும் துணியப்படும் பொருளுக்கும் உள்ள மாறாத தொடர்பாகிய வியாப்தியையே நம்பாத சார்வாகனுக்கு அவர் சொன்ன மறுமொழி சிறந்தது: புகை வேண்டி நெருப்பை மூட்டுகிறவன் அவ்விரண்டின் தொடர்பை ஐயுறுவதாகச் சொல்வது அவன் செயலுக்கே முரண். காற்று வாயிலைச் சற்று மூடியதும் கரிச்செலவு குறைவதைக் காணும் கொதிகலன் காவலன் உதயனர் பக்கமே நிற்பான். ஆனால் உதயனரின் ஈசுவர அனுமானத்துக்கு அவன் துணை நிற்பானா? அவனுடைய சதவீதங்களுக்கு வலிமை வந்தது, எவரோ நிறுத்த கரியை அளந்த காற்றில் எரித்துப் பார்த்ததால். ஐயம் வந்தால் உலைக்கதவைத் திறந்தும் பார்க்கலாம். உலகங்கள் உண்டாவதைப் பலமுறை பார்த்து வியாப்தி கொண்டவர் எவருமில்லை. ஸ்ரீபாஷ்யத்தில் ராமானுஜர் இதே இடத்தில் கைவைத்தார்: நாம் கண்ட கர்த்தாக்கள் எல்லாரும் உடலுடையவர், அற்ப அறிவினர், பெரிய மாளிகையைக் கட்டுபவரோ பலர், அந்த வியாப்தியை நம்பினால் உடலும் குறையும் உள்ள பல கடவுளர் அன்றோ துணியப்படுவர்? ஆதலின் பிரம்மத்தை அறியச் சாஸ்திரமே பிரமாணம் என்று அவர் முடித்தார். சைவ சித்தாந்திகளும் கருதலை, அதாவது அனுமானத்தை, ஏற்றபோதிலும் உரையளவையைக் கைவிட்டதில்லை.

பக்தரான ராமானுஜர் அனுமானத்தின் எல்லையைக் கண்டிப்பாக வரைந்ததில் நாத்திகம் எதுவும் இல்லை. புகைவாயுவை அளப்பவனின் ஒழுக்கத்தை அளவுகோலாகக் கொண்டால், இவ்வழக்கில் தீர்ப்பு உதயனருக்கு எதிராக ராமானுஜர் பக்கமே என்பது என் துணிபு.